வெறுங்குழாயில் அம்மா

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தலையணைகளுக்கு உறை போட்டது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. நான்கு தலையணை. தலையணையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வாள். நான் கீழிருந்து உறையை ஏற்ற வேண்டும். கை இரண்டும் சும்மா இருக்கும்போது எதற்குப் பல் என்று இருபது வருடமாகக் கேட்டாகிவிட்டது. "கைக்கு வேற வேலை இருக்கு" என்பாள். பேசும்போது ஆட்டுவதுதான் அந்த வேலை.

கடித்துக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"வாயில இருக்கறதை எடுத்துட்டுப் பேசும்மா."

எடுத்தாள். தலையணை என் காலில் விழுந்தது. "புதன்கிழமை தவிடு வீட்டுக்குப் போகணும். ஞாபகப்படுத்துன்னேன்."

"இன்னிக்கு ஞாயிறு. இப்பவே என்ன?"

"மறந்துடுவேன்டா."

"நீ எதை மறந்திருக்க? நான் ஒண்ணாங்கிளாஸ்ல பென்சில் தின்னதை இன்னும் பால் போடறவர்கிட்ட சொல்லிட்டிருக்க."

"தின்னியா இல்லையா?"

"நுனியைத்தான்."

அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் மூன்றாவது தலையணை உறைக்குள் குறுக்காகப் போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். தையல் விட்டது. "தவிடு பாத்தா மானத்தை வாங்கிடுவா" என்று கிழிந்த பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் அம்மா இறந்தாள். இதயம். பையைக் கீழே விடவில்லை என்று சொன்னார்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. புதன்கிழமை வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதற்கு முதலில் அம்மாவைச் சொல்ல வேண்டும், பிறகு ஒரு பம்பை, பிறகு என் சித்தியை.

அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா வேலை தேடிப் போன இடம் ஒரு பூச்சி ஆய்வகம். தானியக் கிடங்குகளில் பிடிபடும் பூச்சிகள் அங்கே வரும். என்ன பூச்சி என்று கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வகத்தின் தலைவர் ஒரு பெண். ஈக்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர் என்பதால் எல்லோரும் அவரை ஈ மேடம் என்பார்கள். அவர் முகத்துக்கு நேராகவும் அப்படித்தான்.

நேர்காணலில் ஈ மேடம் ஒரே கேள்விதான் கேட்டார். "பூச்சின்னா பயமாம்மா?"

"பூச்சிக்குத்தான் மேடம் என்னைக் கண்டா பயம்" என்ற அம்மா, அந்த நேரம் பார்த்து மேசைமேல் ஓடிய ஒரு வண்டைச் செருப்பைக் கழற்றி ஒரே அடியாக அடித்தாள்.

அது துறைமுகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த மாதிரிப் பூச்சி. டப்பாவிலிருந்து தப்பியது. ஈ மேடம் இடுக்கியை எடுத்து, செருப்பின் அடியிலிருந்து ஒரு காலை மட்டும் பிடுங்கிக் குழாயில் போட்டார். "கால் ஒண்ணு போதும்" என்றார். "நாளைக்கு வந்துடுங்க. செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க."

இருபத்தாறு வருடம் போனாள். முதலில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. பிறகு குழாய்களில் எண் எழுதும் வேலை. கடைசிப் பத்து வருடம் பூச்சிகளின் காலைப் பிடுங்கும் வேலையும் அவளுடையதுதான். வீட்டில் கேட்டால் "நொண்டிப் பூச்சி ஆஸ்பத்திரியில வேலை" என்பாள். "இன்னிக்கு எத்தனை கேஸ்?" என்று கேட்பேன். "தொண்ணூத்தஞ்சு. எல்லாம் காலு."

கால் ஒன்று ஏன் போதும் என்பதற்குத்தான் பம்பு. எனக்குப் பம்புகளில் பரிச்சயம் உண்டு. தண்ணீர் பம்பு, எண்ணெய் பம்பு, ஆலைகளில் ரசாயனம் தள்ளும் பம்பு எல்லாம் பழுது பார்ப்பது என் தொழில். ஆனாலும் நான் பார்த்ததிலேயே நல்ல பம்பு உடம்புக்குள் இருப்பதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று பொடிப் பொடியாகச் சில அறைகள் உண்டு. பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் சுவரில் இந்தப் பம்பு உட்கார்ந்திருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலோடு முடிந்துவிடுவதில்லை, இந்தப் பம்பில் வந்துதான் முடிகிறது. ஆக்சிஜன் அங்கே தண்ணீராகிறது. அந்த வேகத்தில் பம்பு சுவரைத் தாண்டித் துகள்களைத் தள்ளுகிறது. தள்ளிய அழுத்தத்தில் உடம்பு ஓடுகிறது. ஓடும்போது ஒரு சத்தம் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம்.

இந்தப் பம்பின் நடு உடலைச் செய்வதற்கான வரைபடம் ஒரு மரபணு. காக்ஸ்-1 என்று பெயர். மூச்சு விடும் எல்லாப் பிராணிகளுக்கும் அது உண்டு. ஈக்கும் வண்டுக்கும், செருப்பால் அடித்தவளுக்கும். ஆனால் ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தில் எழுதிய அந்த வரைபடம் இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். அறுநூற்றைம்பது எழுத்தை வாசித்தால் இன்ன பூச்சி என்று சொல்லிவிடலாம். ஒரு காலில் அது எத்தனையோ லட்சம் பிரதி இருக்கிறது.

இன்னொன்று. இந்த வரைபடம் தாயிடமிருந்துதான் வரும். தந்தையின் பங்கு பூஜ்யம். ஈ மேடம் இதைச் சொன்ன அன்று அம்மா வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"டேய், நீ மூச்சு விடறதே என் தயவுடா!"

அன்றிலிருந்து நான் எதற்கு எதிர்த்துப் பேசினாலும் ஒரு விரலைத் தூக்கி "மூச்சு!" என்பாள்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம். தொண்ணூற்றைந்து குழாயில் பூச்சிக் கால். தொண்ணூற்றாறாவது குழாயில் வெறும் தண்ணீர். அதற்கு வெறுங்குழாய் என்று பெயர். மரபணுவைக் கோடிக்கணக்கில் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் வைப்பது வரை, எல்லாக் குழாய்க்கும் என்னென்ன செய்கிறார்களோ அத்தனையும் அதற்கும் செய்வார்கள். கடைசியில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றைந்திலும் ஒரு கோடு ஒளிர வேண்டும். வெறுங்குழாய் இருட்டாக இருக்க வேண்டும். அதிலும் கோடு ஒளிர்ந்தால் வெளியிலிருந்து ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெறுங்குழாயில் தண்ணீர் விடுவது அம்மாவின் பொறுப்பு. அதைப் பெரிய பதவி மாதிரிதான் சொல்வாள். "எல்லாரும் எதையாவது போடுவாங்க. ஒண்ணுமே போடாம இருக்கறதுக்கு நம்பிக்கையான ஆள் வேணும்."

போன வருடம் மூன்று வாரம் தொடர்ந்து வெறுங்குழாய் ஒளிர்ந்தது. ஈ மேடம் மூன்று முறை எல்லாவற்றையும் கொட்டினார். நான்காவது முறை கொட்டாமல், வெறுங்குழாயில் இருப்பது யார் என்று எழுத்துகளை வாசித்துப் பார்த்தார். கணினியில் பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னாராம்: "கோதுமைக் கிடங்கு நாலு. பிடிபட்ட பூச்சி, மனுஷன்."

ஆய்வகத்தில் ஐந்து பேர். ஐந்து பேரின் கன்னத்து உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து ஒப்பிட வேண்டும் என்று முடிவானது. அந்தப் பொறுப்பை அம்மா தானாகவே வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் அவளுக்குப் போலீஸ் நடை வந்துவிட்டது. கணக்கெழுதுபவருக்கு ஜலதோஷம் என்பதால் அவர்மேல் சந்தேகம். அவர் வாயில் குச்சியை விட்டுக்கொண்டே, "இப்பவே ஒத்துக்கிட்டா தண்டனை குறையும் சார்" என்றாளாம். வண்டி ஓட்டுபவரை இரண்டு முறை தேய்த்தாள். "முகமே சரியில்ல" என்பது காரணம்.

முடிவு வந்த அன்று ஈ மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

"ஆள் கிடைச்சாச்சும்மா."

"நான் சொன்னேன்ல மேடம், அந்த ஜலதோஷம்தானே?"

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு."

"எந்த வேலி மேடம்?"

"நீங்கதாம்மா வேலி."

நடந்தது இதுதான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் முகமூடிக்குள் சிரிக்கத் தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுத்தான் சிரிப்பாள். வெறுங்குழாயில் தண்ணீர் விடும் வேளைதான் ஆய்வகத்தில் கதை பேசும் வேளை. அந்த மூன்று வாரமும் அவள் சொல்லிக்கொண்டிருந்த கதை நான் பென்சில் தின்றது.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். அம்மாவுக்குச் சுமார் பத்து நிமிடம் வெட்கமாக இருந்தது. பிறகு ஈ மேடம் காகிதத்தை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டாவது எழுத்து. மற்ற நால்வருக்கும் அங்கே டி. வெறுங்குழாய்க்கு சி. அம்மாவுக்கும் சி. அதனால்தான் இவ்வளவு உறுதியாகப் பிடிக்க முடிந்தது. உலகத்தில் இதுவரை வாசித்துப் பதிவு செய்த பல்லாயிரம் பேரில் அந்த இடத்தில் சி இருப்பவர் யாரும் கிடைக்கவில்லை என்றார் ஈ மேடம். இதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, பம்பு அதே பம்புதான் என்றும் சேர்த்துச் சொன்னார். அதை அம்மா காதில் வாங்கவில்லை.

"உலகத்துல எனக்கு மட்டும்தான்!"

பால் போடுபவரிடம் சொன்னாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள். என் வாயிலும் குச்சியை விட்டாள். எனக்கும் சி. "பாத்தியா, நீ என் காப்பி" என்று என் தலையில் தட்டினாள். அவளுடைய சி என்னோடு நின்றுவிடும், நான் மகன், என் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மாவின் பம்புதான் வரும் என்று விளக்கினேன். அவள் முகம் வாடியது. இரண்டு விநாடிதான். உடனே துள்ளி எழுந்தாள்.

"தவிடு இருக்காளே! அவகிட்டயும் இருக்கும், அவ பொண்ணுகிட்டயும் இருக்கும்! வாடா!"

தவிடு என்பது என் சித்தி. அம்மாவுக்கு ஒன்பது வயது இளையவள். அவர்களுடைய அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சின்னக் குழந்தைகளைச் சீண்டாத வீடு கிடையாது. ஆனால் வாசலில் இருபது மூட்டைத் தவிடு அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் சொன்னால் அதன் எடையே வேறு. சித்திக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா அவளைத் தவிடு என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றில்தான் அவள் உண்மைப் பெயரை நான் முதன்முதலில் பார்த்தேன், யாரோ என்று நினைத்தேன்.

சித்தி உயரம். அம்மா குள்ளம். சித்திக்கு நேர்முடி, அம்மாவுக்குச் சுருட்டை. சித்தியின் குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை, பிறந்த சான்றிதழும் இல்லை. அவளுக்கு மூன்று வயதாகும்போதே அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். பெரிய துணி ஆலையில் சித்திக்குத் தரம் பார்க்கும் வேலை. மூன்றடி தூரத்திலிருந்து விட்டுப்போன ஒரு தையலைப் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்ட கண் ஐம்பத்து மூன்று வருடமாகக் கண்ணாடியில் தன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

நாங்கள் போனபோது சித்தி சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு, கிடங்கு நாலு, ஜலதோஷம், சி. "உனக்கும் இருக்கும்டி! வாயைத் திற!"

சித்தி வாயைத் திறக்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இல்லன்னா?"

"என்ன இல்லன்னா?"

"என்கிட்ட அது இல்லன்னு வந்தா, அக்கா?"

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு, காற்று அடைத்த பம்பு தண்ணீர் எடுப்பது மாதிரி. முதலில் வெறும் இரைச்சல், இரண்டு விக்கல், பிறகுதான் கொட்டும். அன்று இரைச்சலோடு நின்றுவிட்டது. அதற்கு முன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"நீயே சொல்லு அக்கா. நான் பொறந்தப்ப உனக்கு ஒம்போது வயசு. நீ பாத்திருப்பல்ல?"

அம்மா பித்தான் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினாள். "பாக்கல."

"என்ன பாக்கல?"

"எனக்குத் தட்டம்மை. ஒட்டிக்கும்னு ஒரு மாசம் தெரிஞ்சவங்க வீட்டுல விட்டிருந்தாங்க. திரும்பி வந்தா தொட்டில்ல நீ. அப்பாகிட்ட கேட்டேன். தவிட்டுக்கு வாங்கினோம்னாரு."

"நீ என்ன பண்ண?"

"ஓடிப்போய் மூட்டையை எண்ணினேன்."

"எத்தனை இருந்துச்சு?"

அம்மா தயங்கினாள். "ஒண்ணு குறைஞ்சுதான் இருந்துச்சு."

சித்திக்குத்தான் முதலில் தாங்கவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். சிரிப்பு. "ஒரே ஒரு மூட்டைதானா? நான் அவ்வளவுதானா போனேன்?" அம்மாவும் சேர்ந்துகொண்டாள். பித்தான் எல்லாம் தரையில் சிதறியது. நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். பொறுக்கும்போது மேலே சித்தி சொன்னது கேட்டது. சிரித்த குரலில்தான் சொன்னாள்.

"எனக்குத் தெரியணும் அக்கா. விளையாட்டு இல்ல."

அம்மாவுக்கும் தெரியாது. ஐம்பது வருடமாகத் தெரிந்த மாதிரி சீண்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவர்களுடைய அம்மா எப்போதும் குண்டாகவே இருந்தவர் என்பதால் வயிறும் ஞாபகத்தில் இல்லை. கேட்க ஒரு பெரியவரும் மிச்சமில்லை. மிச்சம் இருந்தது அந்த ஓர் எழுத்து. சித்தியிடம் சி இருந்தால் இருவரும் ஒரு தாயின் வழி வந்தவர்கள். டி இருந்தால் இல்லை. இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் கருவி என் தொழிலில்கூடக் கிடையாது.

அடுத்த திங்களே அம்மா காரியத்தில் இறங்கினாள். ஈ மேடத்திடம் அனுமதி கேட்டாள். மதிய இடைவேளையில் சித்தியின் கன்னத்தைத் தானே தேய்த்து எடுத்தாள். குழாயில் போட்டதும் அவள்தான், பிரதி எடுக்கும் இயந்திரத்தில் வைத்ததும் அவள்தான். வியாழக்கிழமை முடிவு வந்தது. சி.

கேக் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடினாள். படியேறும்போதே கத்தினாள். "தவிடு இல்லடி! நீ தவிடு இல்ல! என் சொந்தத் தங்கச்சி!" எதிர்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்து பார்த்தார்.

சித்தி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆலையில் சட்டையைப் பார்ப்பது போலவே, முன்னும் பின்னும்.

"குச்சியால எடுத்தது யாரு?"

"நான்தான். நீதானே வாயைத் திறந்த."

"குழாய்ல போட்டது?"

"நான்தான்."

"முகமூடி?"

"போட்டிருந்தேன்." சற்று யோசித்தாள். "முக்கால்வாசி நேரம்."

"அந்த வெறுங்குழாய்னு சொல்லுவியே. அது இருட்டா இருந்துச்சா?"

அம்மா கேக்கைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு குழாய்தானேன்னு... வெறுங்குழாய் வைக்கல."

பத்து வருடம் பூச்சிக்காலுக்கெல்லாம் வெறுங்குழாய் வைத்தவள், தங்கைக்கு வைக்க மறந்துவிட்டாள். சித்தி ஈ மேடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஈ மேடம் மறுமுனையில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்தக் குழாயில் ஒளிர்ந்தது சித்தியாகவும் இருக்கலாம், அம்மாவின் சிரிப்பாகவும் இருக்கலாம் என்றார். வெறுங்குழாய் இல்லாமல் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. முடிவு செல்லாது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றாள் சித்தி. "நீ கெட்டதும் இல்லாம என்னையும் சேர்த்துக் கெடுத்துட்ட." ஆனால் கேக்கை வெட்டினாள். பெரிய துண்டை அக்காவுக்கு வைத்தாள்.

மறுபடி எடுப்பதில் சிக்கல், யார் எடுப்பது என்பது. அம்மா ஆகாது. நான் எடுக்கலாமே என்றேன். "உன் வாய்லயும் அதே சிதானடா மக்கு" என்றாள் சித்தி. என்ஜினியரான எனக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் சித்தப்பாவைப் பிடித்தோம். அவருக்குப் பேசும் வழக்கம் கிடையாது. இந்தக் குடும்பத்தில் அது முதல்முறையாகப் பயன்பட்டது. அதற்கு முன்னால் இரண்டு நாள் அம்மா சித்தி வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று ஈ மேடம் சொல்லிவிட்டார். அம்மா தெருவில் நின்றே பேசினாள். சித்தி மாடி ஜன்னலில் கையுறையோடு நின்று பதில் சொன்னாள்.

"நான் பேசறது அவ்வளவு தூரம் வராதுடி!"

"உன்னை நம்ப மாட்டேன். நீ கிடங்கு நாலு வரைக்கும் போனவ."

சித்தப்பா குச்சியால் தேய்த்து, குழாயில் போட்டு, மூடி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றினார். அதை டப்பாவில் வைத்துக் குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இனி அதை ஆய்வகத்தில் ஈ மேடத்தின் கையில் கொடுக்க வேண்டும். சித்தியே கொடுத்திருக்கலாம். "நீ ஆரம்பிச்ச வம்பு, நீயே முடி" என்றுவிட்டாள். மூடிய டப்பாவை யார் எடுத்துப் போனாலும் பழுதில்லை என்று ஈ மேடமும் சொன்னார். ஆனாலும் சித்தி நிபந்தனை போட்டாள். வழி முழுக்க முகமூடி. வழி முழுக்கப் பேச்சு கிடையாது. யாருடனும்.

"பஸ்ல யாராவது மணி கேட்டா?"

"கையைக் காட்டு."

புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்லிவிட்டேன்.

ஆய்வகத்திலிருந்து அம்மாவின் சாமான்களை வாங்கிவரப் போனேன். ஒரு குவளை, ஒரு சால்வை, அரை பாக்கெட் பிஸ்கட், இன்னொரு ஜோடிச் செருப்பு. மாட்டிக்கொண்ட பிறகும் பத்துக்கு ஒருமுறை வெறுங்குழாய் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்ததாம். ஒவ்வொரு முறையும் ஈ மேடம் அறையிலிருந்தே கத்துவாராம், "அம்மா, வந்திருக்கீங்க!" என்று. அம்மாவிடமிருந்து "மன்னிச்சுக்கங்க மேடம்" என்று பதில் வரும், அதற்கும் ஒரு சிரிப்பு.

"இப்ப?" என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்கு" என்றார். பிறகு தன் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாத் தடவையும் சுத்தமாத்தான் இருக்கு."

நேற்று சித்தி வீட்டுக்குப் போனேன். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். டப்பா அதே இடத்தில் இருந்தது. முட்டைகளை மட்டும் வேறு தட்டுக்கு மாற்றியிருந்தாள்.

"கொடுத்துடட்டுமா சித்தி?"

"கொடுத்து?"

"தெரிஞ்சுக்கணும்னீங்களே."

"இருக்குன்னு வந்தா, அதைச் சொல்லிச் சொல்லிக் காட்ட அவ வேணும். இல்லன்னு வந்தா..." குளிர்பெட்டிக் கதவை மூடினாள். "இல்லன்னு வந்தா, 'அதுக்கென்னடி, போடி தவிடு'ன்னு சொல்ல அவ வேணும். நீ சொல்லுவியா?"

"நான் எப்படி சித்தி சொல்றது."

"அதான்."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். குவளையை வாங்கியவள் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பென்சில் தின்னியாமே. முழுசாவா?"

"நுனியைத்தான்."

"அவ முழுசும்னாளே!"

சித்தியின் சிரிப்பும் முதலில் இரைச்சல், இரண்டு விக்கல், பிறகுதான் கொட்டுகிறது. இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. இது சான்று ஆகாது. கூடவே வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஒருவகைக் கலப்படம்தான். தொழில்முறையில் நான் அதை ஏற்கமாட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தி மறுபடி குளிர்பெட்டியைத் திறந்தாள். டப்பாவை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஒட்டுநாடாவில் ஓர் ஓரம் தூக்கியிருந்ததை நகத்தால் அழுத்திவிட்டு, உள்ளேயே திரும்ப வைத்தாள்.

"புதன்கிழமை வா. அவ சொன்ன கிழமையே இருக்கட்டும். வாயை மூடிக்கிட்டுப் போ."

இன்று செவ்வாய். அம்மா கட்டிலில் தையல் விட்ட தலையணை இன்னும் சுவரோரமாகத்தான் திரும்பியிருக்கிறது. அவள் கையில் இருந்த பையை இப்போதுதான் திறந்தேன். புது முகமூடி மூன்று, பிரிக்காமல். குழாய் எண்கள் எழுதும் பழைய சீட்டு ஒன்று, பின்புறம் வேலைப் பட்டியல். எதையாவது முடித்தால் பேனாவால் நீளமாக ஒரு கோடு அடிப்பது அவள் பழக்கம்.

பல்பு. கோடு அடித்திருக்கிறது.

பால்காரருக்குப் பழைய பேப்பர். கோடு அடித்திருக்கிறது.

புதன் — தவிடு குழாய், மேடம் கையில். வழியில் பேசாதே. பேசாதே. சிரிக்காதே.